நம்ம வீட்டு வெந்நீர் பாய்லர்: பாதுகாப்பும் பழுது பார்ப்பதும்



போன மார்கழியில் பெருங்குடியில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வாங்கி, உள்கடன் கணக்கு எழுதி முடித்தோம். அப்போது ஒரு அக்கா எழுந்து, "மேடம், எனக்கு பத்தாயிரம் உள்கடன் வேணும், வெந்நீர் பாய்லர் வாங்கணும்" என்றார். "உன் வீட்டுலதான் செம்பு பாய்லர் இருக்கே, உங்கம்மா சீதனமா கொடுத்தது" என்று ஊக்குநர் கேட்டார். அது ஓட்டையாகி விட்டது என்றார் அக்கா. எப்படி ஆச்சு என்று விசாரித்தபோது இரண்டு விஷயம் வெளியே வந்தது.

ஒன்று, அவர் வேலைக்குப் போன ஒரு நாள் வீட்டுக்காரர் தண்ணீர் இருக்கா என்று பார்க்காமலே பாய்லரைப் பற்ற வைத்திருக்கிறார். அடியில் இருந்த ஒட்டு விட்டுப் போச்சு.

இரண்டாவதுதான் என்னைப் பதற வைத்தது. பாய்லர் ஒழுகினதால், மழை நாளில் மாமியார் குளிக்க ஒரு இரும்புச் சட்டியில் கரி நெருப்பைப் போட்டு, குளியலறைக்குள்ளேயே கொண்டு போய் அதன் மேல் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். சாரல் அடிக்குது என்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மாமியார் தலை சுற்றி விழுந்து விட்டார். "சர்க்கரை இறங்கிடுச்சுன்னு நினைச்சு சீனித் தண்ணி கொடுத்தோம் மேடம். வெளியே திண்ணையில படுக்க வெச்சதும் தெளிஞ்சிட்டாங்க" என்றார்.

சகோதரிகளே, அது சர்க்கரை இறங்கினது இல்லை. கரி நெருப்பில் இருந்து வந்த விஷக் காற்று. இன்னும் கால் மணி நேரம் உள்ளே இருந்திருந்தால் அந்த அம்மா நம்மிடம் இல்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த 14 பேரில் 9 பேர் வீட்டில் விறகு பாய்லரோ, வெந்நீர் அடுப்போ இருந்தது. அதைப் பற்றி யாருக்கும் யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் இந்த இதழில் பாய்லர் பற்றி ஒரு பாடமாகவே எழுதுகிறேன்.

கேஸ் வந்த பிறகும் பாய்லரா?

பெருங்குடி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பெரிய ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆனால் உள்தெருக்களில் காலை ஐந்து மணிக்கு நடந்தால் இன்னும் பாய்லர் புகை வாசம் வருது. கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கத்துக் கிராமங்களைச் சொல்லவே வேண்டாம்.

2007-ல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. சமையல் பெரும்பாலும் கேஸுக்கு மாறி விட்டது. ஆனால் ஆறு பேர் குளிக்க வெந்நீருக்கும் கேஸ் எரித்தால் சிலிண்டர் மாசம் தாங்காது. பிள்ளை பெற்ற வீடு, வயசானவங்க இருக்கிற வீடு என்றால் தினமும் வெந்நீர் வேணும். அதனால்தான் சுள்ளி, கொட்டாங்குச்சி, தேங்காய் மட்டை, கட்டட வேலையில் மிஞ்சின பலகை என்று கிடைத்ததைப் போட்டு பாய்லர் எரிக்கிறோம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. சரியான முறையில் எரிக்கிறோமா என்பதுதான் கேள்வி.

பாய்லர் எப்படி வேலை செய்யுது?

பாய்லரில் இருக்கும் பாகங்கள் கொஞ்சம்தான்.

1. வெளி உடம்பு. தண்ணீர் நிற்கும் இடம்.
2. நடுக்குழாய். அடியில் இருந்து மேல் வரைக்கும் போகும். இதற்குள்தான் நெருப்பு எரியும்.
3. அடியில் கம்பிச் சல்லடை, அதற்குக் கீழே சாம்பல் விழும் இடம்.
4. பச்சைத் தண்ணீர் ஊற்றும் புனல். இதன் குழாய் உள்ளே அடி வரைக்கும் போகும்.
5. வெந்நீர் வெளியே வரும் மூக்கு. இது மேல் பக்கம் இருக்கும்.

சூடான தண்ணீர் லேசானது, மேலே போகும். பச்சைத் தண்ணீர் கனமானது, கீழே நிற்கும். புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் போய் உட்காரும். மேலே இருக்கிற வெந்நீரை ஒரு சொம்பு அளவுக்கு மூக்கு வழியாக வெளியே தள்ளும். ஊற்றினால்தான் வரும், ஊற்றாவிட்டால் வராது. இந்த மாதிரி பாய்லரில் தண்ணீர் சட்டென்று காலி ஆகாது. இதைச் செய்த கன்னாரின் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்.

இப்போது வரும் பாய்லர்களில் கீழே ஒரு பித்தளைக் குழாய் வைத்து விடுகிறார்கள். திறந்தால் வெந்நீர் வரும், வசதிதான். ஆனால் திறந்து விட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே தண்ணீர் தீர்ந்து போவது நமக்குத் தெரியாது. இந்த மாதிரி பாய்லர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நம்ம ஊர் டீக்கடை பாய்லரும் இதே தத்துவம்தான். ரஷ்யாவில் டீ போட சமோவார் என்று ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். அதிலும் நடுவில் நெருப்புக் குழாய், சுற்றி தண்ணீர். ஐரோப்பா மாதிரி குளிர் நாடுகளில் விறகு பாய்லரில் தண்ணீரைச் சுட வைத்து, குழாய் வழியாக வீடு முழுக்க ஓட விட்டு அறைகளைச் சூடாக்குகிறார்கள். பாய்லர் சின்னதோ பெரிசோ, மூன்று விஷயம் எல்லாவற்றுக்கும் பொது. உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும். ஆவி வெளியே போக வழி இருக்க வேண்டும். நெருப்புக்குக் காற்றும், புகைக்கு வெளிவழியும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் விதி: தண்ணீர் இல்லாமல் நெருப்பு இல்லை

ஒரு காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றி அடியை மெழுகுவர்த்தி மேல் பிடித்தால், தண்ணீர் சுடும், தண்ணீர் இருக்கும் வரை அடி எரியாது. நெருப்பின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதற்கு மேல் சூடாகாது. அதனால் அதைத் தொட்டுக் கொண்டிருக்கும் காகிதமும் எரியும் அளவுக்குச் சூடாவதில்லை. பாய்லரிலும் இதுதான் நடக்குது.

செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். அதனால் செம்பு உருகாது. ஆனால் பாய்லரின் ஒட்டுகளில் ஈயப்பற்று வைத்திருப்பார்கள். அது சுமார் 185 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். உள்ளே பூசும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். கனன்று எரியும் விறகுக் கரியின் சூடு இதைப்போல மூன்று நான்கு மடங்கு. தண்ணீர் இருந்தால் ஒட்டு பத்திரமாக இருக்கும். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் எரிந்தாலே ஒட்டு விட்டுப் போகும், பூச்சு வழிந்து போகும். அந்த அக்கா வீட்டில் நடந்தது இதுதான்.

அதனால் பற்ற வைக்கும் முன் புனலில் தண்ணீர் ஊற்றுங்க. மூக்கு வழியாக வழிந்தால் பாய்லர் நிறைந்திருக்குது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் தீக்குச்சி. குழாய் வைத்த பாய்லர் என்றால் எத்தனை குடம் பிடிக்கும் என்று ஒரு முறை அளந்து சுவரில் எழுதி வையுங்க. ஒரு பக்கெட் எடுத்தால் ஒரு பக்கெட் ஊற்ற வேண்டும். பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க.

தெரியாமல் வெறும் பாய்லரைப் பற்ற வைத்து விட்டால் என்ன செய்வது? பதறிப் போய் பச்சைத் தண்ணீரை உள்ளே ஊற்றாதீங்க. காய்ந்த செம்பில் தண்ணீர் பட்டதும் ஆவியாக மாறி முகத்தில் அடிக்கும், ஒட்டும் விரியும். நெருப்பை மட்டும் இடுக்கியால் எடுத்து வெளியே போட்டு விட்டு, பாய்லர் தானாக ஆறும் வரை விட்டு விடுங்க. ஆறின பிறகு தண்ணீர் ஊற்றி ஒழுகுதா என்று பாருங்க.

இரண்டாவது விதி: மூக்கை அடைக்காதே

ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடத்தை அடைக்கும். அத்தனை ஆவியும் மூக்கு வழியாகவும் புனல் வழியாகவும் சாதாரணமாகப் போய்விடும். அந்த வழியை அடைத்தால் பாய்லர் வெடிகுண்டு மாதிரி.

சில வீடுகளில் சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று மூக்கில் துணியைச் சுருட்டி அடைக்கிறார்கள். பல்லி விழுது என்று புனலை இறுக்கமாக மூடுகிறார்கள். இன்னும் சிலர் மூக்கில் குழாய் மாட்டி, குளியலறைக்கு இழுத்து, நுனியில் டேப் வைக்கிறார்கள். டேப்பை மூடினதும் ஆவிக்கு வழி இல்லை. இவை மூன்றும் செய்யக் கூடாதவை. பல்லி, பூச்சிக்குப் பயந்தால் புனல் மேல் ஒரு தட்டை சும்மா கவிழ்த்து வையுங்க, போதும். ஆவி வந்தால் தட்டு தானாகத் தூக்கிக்கொள்ளும்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் மூக்கில் உப்பு படிந்தே துவாரம் சின்னதாகி விடும். மாதம் ஒரு முறை, பாய்லர் ஆறி இருக்கும்போது, ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பாருங்க.

மூன்றாவது விதி: புகைக்கு வெளிவழி

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, வீட்டுக்குள் எரிக்கும் அடுப்புப் புகையால் 2020-ஆம் வருஷத்தில் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். இதில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம் கஷ்டப்படுகிறவர்கள். காரணம் நமக்குத் தெரியும், அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பது நாமும் நம் இடுப்பில் இருக்கும் பிள்ளையும்தான்.

புகையாவது கண்ணை எரிக்கும், இருமல் வரும், நாமே வெளியே ஓடி வந்து விடுவோம். அதைவிட மோசம், புகையே இல்லாமல் கனன்று கொண்டிருக்கும் கரி. "புகை நின்னுடுச்சு, இனி உள்ளே எடுத்துட்டுப் போகலாம்" என்று நினைக்கிறோம். கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்ற காற்று வருகிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது. நம் ரத்தம் பிராணவாயுவைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் அதிக பலமாக இதைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்போம், உடம்புக்குப் பிராணவாயு போகாது.

இதன் அறிகுறிகள்: தலைவலி, தலை சுற்றல், குமட்டல், கை கால் சோர்வு, தூக்கம் மாதிரி மயக்கம். வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு இப்படி வந்தால் சந்தேகமே வேண்டாம். கதவைத் திறங்க, ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கி வாங்க, 108-க்குப் போன் பண்ணுங்க. தெளிந்து விட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கரி நெருப்பு பக்கத்தில் இருந்தது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லணும். கர்ப்பிணிகள் என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் இது ஆபத்து.

ஊட்டி, கொடைக்கானலில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கினவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியைப் பல முறை பேப்பரில் பார்த்திருக்கிறோம். நம்ம ஊரில் அவ்வளவு குளிர் இல்லை. ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு என்று அறையைச் சாத்திக் கரி நெருப்பு வைக்கும் பழக்கம் இன்னும் இருக்குது. பாட்டிமார்களிடம் சண்டை போட வேண்டாம். சாம்பிராணி போடட்டும், கதவு ஜன்னலைத் திறந்து வைத்துப் போட்டு, முடிந்ததும் சட்டியை வெளியே வைக்கட்டும். சட்டியை உள்ளே வைத்துத் தூங்கக் கூடாது என்பதை மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க.

பாய்லர் எப்போதும் வீட்டுக்கு வெளியே, மேலே மட்டும் கூரை, பக்கம் திறந்த இடத்தில் இருக்க வேண்டும். குளியலறைக்குள் வேண்டாம். படுக்கிற அறை ஜன்னலுக்குக் கீழேயும் வேண்டாம். ஓலைக்கூரை என்றால் பொறி பறக்காத தூரம் தள்ளி வையுங்க.

என்ன எரிக்கலாம், என்ன எரிக்கக் கூடாது

பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அதாவது 1 கிலோவில் அரை லிட்டர். அந்த அரை லிட்டரை ஆவியாக்கிய பிறகுதான் விறகு ஒழுங்காக எரியும். அதற்குச் செலவாகும் சூட்டை வைத்து 15 லிட்டர் தண்ணீரை, ஒரு ஆள் குளிக்கும் பதத்துக்கு, 20 டிகிரி ஏற்றி விடலாம். ஈர விறகு எரிப்பது என்றால் ஒருத்தர் குளிக்கிற வெந்நீரைப் புகையாக விடுவது. கண் எரிச்சல் தனி.

சித்திரை, வைகாசி வெயிலில் விறகைப் பிளந்து, இரண்டு செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி வையுங்க. ஐப்பசி மழைக்குள் நன்றாகக் காய்ந்து விடும். இரண்டு கட்டையை ஒன்றோடு ஒன்று தட்டினால் 'டக்' என்று கணீர்னு சத்தம் வந்தால் காய்ந்தது. 'பொத்' என்று வந்தால் ஈரம். எரியும்போது நுனியில் நுரை தள்ளினாலும் ஈரம்தான்.

நம்ம பக்கம் கட்டட வேலைப் பலகை நிறைய கிடைக்குது. வெறும் மரமாக இருந்தால் ஆணி பிடுங்கி எரிக்கலாம். பெயின்ட் அடித்தது, பிளைவுட் வேண்டாம். அதில் இருக்கும் பசையும் சாயமும் விஷப் புகையாகும். பால் கவர், பிளாஸ்டிக் பை, ஒயர், பழைய செருப்பு போட்டுப் பற்ற வைப்பதை அடியோடு நிறுத்துங்க. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பை மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கா? எத்தனை பிள்ளைகள் இருமினார்கள்! பாய்லரில் பிளாஸ்டிக் போடுவது, அந்தப் புகையைச் சின்ன அளவில் தினமும் நம்ம வாசலிலேயே உண்டாக்குவது. பி.வி.சி. பைப், ஒயர் புகையில் அமிலம் இருக்குது. அது நடுக்குழாயையும் அரித்து விடும்.

எரிகிற பாய்லரில் மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றாதீங்க. காய்ந்த தேங்காய் மட்டை, பன்னாடை போதும். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு பற்ற வையுங்க.

சுத்தம் செய்யும் முறை

தினமும்: சாம்பலை எடுத்து விடுங்க. சாம்பல் அடைத்தால் அடியில் இருந்து காற்று வராது, புகை கூடும். சாம்பலுக்குள் நெருப்பு மறுநாள் வரைகூட உயிரோடு இருக்கும். தண்ணீர் தெளித்து, ஆறின பிறகே குப்பையில் போடுங்க.

வாரம் ஒரு முறை: நடுக்குழாயின் உள்பக்கம் கரி அடை அடையாகப் படியும். கரிப் படிவு சூட்டைத் தண்ணீருக்கு விடாது. ஒரு கம்பு நுனியில் தேங்காய் நாரைக் கட்டி மேலும் கீழும் தேய்த்தால் கொட்டி விடும். இதைச் செய்தாலே விறகு மிச்சம் ஆவதை நீங்களே பார்ப்பீங்க. மேலே நீளமான புகைக்குழாய் வைத்திருந்தால் அதையும் கழற்றித் தட்டுங்க. அதில் படியும் தார் தீப்பிடிக்கக் கூடியது.

மூன்று மாதம் ஒரு முறை: போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் உள்ளே வெள்ளையாக உப்பு படியும். தண்ணீர் சுட முன்பைவிட நேரம் ஆகும், உள்ளே கடகட என்று சத்தம் வரும். நெருப்பில்லாமல், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு கரைத்து, பாய்லரை நிரப்பி இரண்டு மணி நேரம் வைத்து வடித்து விடுங்க. பிறகு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுங்க. இது செம்பு பாய்லருக்குத்தான். துத்தநாகம் பூசின இரும்பு பாய்லருக்கு வேண்டாம், பூச்சு போய்விடும். கக்கூஸ் கழுவும் ஆசிட் எந்த பாய்லருக்கும் ஆகாது. வெளிப்பக்கம் பச்சைக் களிம்புக்கு நம்ம பழைய புளியும் சாம்பலுமே நல்லது.

ஒன்று முக்கியம். பாய்லர் தண்ணீர் குளிக்கத்தான். குடிக்கவோ, சமைக்கவோ, குழந்தைக்குப் பால் கரைக்கவோ எடுக்காதீங்க. ஒட்டில் இருக்கும் காரீயமும் செம்புக் களிம்பும் தண்ணீரில் இறங்கும்.

பழுது: எதை நாமே பார்க்கலாம்?

எங்கே ஒழுகுது என்று முதலில் கண்டுபிடிக்கணும். பாய்லரை நன்றாகத் துடைத்து, காய்ந்த செய்தித்தாள் மேல் வைத்து, நிறைய தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்க.

* குழாய் நுனியில் சொட்டினால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். குழாய் பாய்லரோடு சேரும் இடத்தில் கசிந்தால் மரையில் வெள்ளை டேப் சுற்றி இறுக்கலாம். இரண்டுக்கும் வேண்டியது ஹார்டுவேர் கடையில் கொஞ்சக் காசில் கிடைக்கும். நாமே செய்யலாம்.
* சல்லடைக் கம்பி வளைந்து, இற்றுப் போயிருந்தால் அதே அளவில் புதுசு வாங்கி வைக்கலாம். சல்லடை இல்லாமல் எரித்தால் அடியில் காற்று போகாது, அடி ஒட்டும் கெடும்.
* புனலில் ஊற்றினது இறங்காமல் நின்றால் உள்ளே அடைப்பு. ஆறின பிறகு மெல்லிய கம்பியால் குத்தி எடுக்கலாம்.
* அடி ஒட்டில் கசிந்தால், அல்லது நடுக்குழாய்க்குள் ஈரம் தெரிந்தால், எரியும்போது உள்ளே 'சுர்' என்று சத்தம் வந்தால், சாம்பல் சேறு மாதிரி இருந்தால், அது நமக்கு மீறினது. எரிப்பதை நிறுத்தி, பாத்திரம் பற்றவைப்பவரிடம் கொண்டு போகணும். பிசைந்து ஒட்டும் பசை நெருப்புப் பக்கம் நிற்காது.

ஈயம் பூசக் கொடுக்கும்போது "வெள்ளீயம்தானே?" என்று கேளுங்க. காரீயம் உடம்புக்கு விஷம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். வேலை முடிந்ததும் அங்கேயே தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் வைத்துப் பார்த்து விட்டுக் காசு கொடுங்க. இதில் கூச்சப்பட வேண்டாம்.

குளிக்க விளாவும்போது பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். வெந்நீரை முதலில் ஊற்றி வைத்து விட்டு நாம் திரும்பும் நேரத்தில்தான் பிள்ளைகள் கையை விடுகிறார்கள். கைக்குழந்தை, வயசானவங்க என்றால் முழங்கையை விட்டுப் பார்த்து ஊற்றுங்க.

அந்த அக்காவின் கடன்

கடன் கொடுக்கிறதுக்கு முன்னாடி பாய்லரைப் பார்க்கலாம் என்று குழு முடிவு பண்ணியது. ஊக்குநரும் பிரதிநிதியும் அக்காவோடு பாத்திரப் பட்டறைக்குப் போனார்கள். நடுக்குழாய் கெட்டியாக இருந்தது. அடி ஒட்டு வைத்து, வெள்ளீயம் பூசி, குழாய் மாற்ற 1,400 ரூபாய் ஆச்சு. வீட்டுக்கு வெளியே நாலு கம்பு நட்டு தகரம் போட 2,100 ரூபாய். மொத்தம் 3,500 உள்கடன் கொடுத்தார்கள். பத்தாயிரம் கேட்டவருக்கு மூவாயிரத்து ஐந்நூறில் வேலை முடிந்தது. மீதிப் பணம் இன்னொரு உறுப்பினரின் பிள்ளை பள்ளிக்கூடச் செலவுக்குப் போச்சு.

இப்போது அந்த வீட்டில் காலையில் பாய்லர் பற்ற வைப்பது வீட்டுக்காரர். "தண்ணி வழியுதான்னு பார்த்துட்டுதான் பத்த வைக்கிறாரு மேடம்" என்று அக்கா சொன்னபோது கூட்டத்தில் ஒரே சிரிப்பு. மாமியார் நன்றாக இருக்கிறார்.

வசதி வந்தால் சூரிய வெந்நீர்க் கருவி வைக்கலாம், நம்ம ஊர் வெயிலுக்கு அது நல்லா வேலை செய்யும். சொந்த மாடி இருக்கிறவர்கள் அதற்குக் கடன் பற்றிக் குழுவில் பேசிப் பாருங்கள். அதுவரைக்கும் இருக்கிற பாய்லரைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் விறகு பாய்லர் இருக்கு? அதில் எத்தனை வீட்டுக்குள் இருக்கு?
2. ஆவி போகும் வழியை அடைத்திருக்கிற பாய்லர் யார் வீட்டிலாவது இருக்கா?
3. பிள்ளை பெற்ற வீட்டில் கரி நெருப்பு வைக்கும் பழக்கத்தை எப்படி மாற்றலாம்? பெரியவர்களிடம் யார் பேசுவது?
4. காலையில் பாய்லர் வேலையை வீட்டில் யார் செய்கிறார்கள்? பகிர்ந்து கொள்ள முடியுமா?

ஊக்குநர்கள் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டவும். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஒரு பாய்லரை நடுவில் வைத்து, பாகங்களைத் தொட்டுக் காட்டிச் சொன்னால் நன்றாகப் புரியும். கரி நெருப்பை மூடின அறைக்குள் வைக்க மாட்டோம் என்று ஒரு தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே இதை முடித்து விட்டால் நல்லது.

அன்புடன்,
கள ஒருங்கிணைப்பாளர்